வரியைப் பகிர்ந்தீர்கள்; தொழிலையும் பகிருங்கள்

பெறுநர்: நிர்வாகச் செயலாளர், தென்பகுதி ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் தலைமைச் செயலகம், விண்ட்ஹூக், நமீபியா

மதிப்பிற்குரிய நிர்வாகச் செயலாளர் அவர்களுக்கு,



உங்கள் ஒன்றியத்தின் ஐந்து நாடுகளில் எதற்கும் நாங்கள் குடிமக்கள் அல்லர். பின்னலாடை தைத்து உலகத்துக்கு அனுப்பிப் பிழைக்கும் திருப்பூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறோம். அவற்றில் ஒன்றான லெசோத்தோவுக்காகப் பேச இவர்கள் யார் என்ற கேள்வி எழுவது இயல்பு. எங்களுக்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒரே அடி. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா தன் புதிய இறக்குமதி வரிப் பட்டியலை வெளியிட்டது. அதில் உச்ச அளவான 50 விழுக்காடு லெசோத்தோவின் பெயருக்கு எதிரே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அதே 50 விழுக்காடு எங்கள் தலையிலும் விழுந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பையர் ஆர்டரை நிறுத்திவைத்தார் என்ற செய்தி வந்தால் இங்கே என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஷிப்ட் குறையும். பிறகு வெளியூர்த் தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டுவார்கள். லெசோத்தோவின் தலைநகர் மசேருவின் தையல் ஆலைகளில் நடந்ததைப் புரிந்துகொள்ள எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் அளவு. லெசோத்தோவின் மக்கள்தொகை சுமார் 23 இலட்சம். 2011 கணக்கெடுப்பின்படி திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 24.8 இலட்சம். எங்கள் ஒரு மாவட்டத்தைவிடக் குறைந்த மக்கள், தனி நாடாக, தனிக் கருவூலத்தோடு, உலகச் சந்தையின் அடிகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அடி விழுந்தால் பின்னால் நிற்க 140 கோடிப் பேரின் உள்நாட்டுச் சந்தை இருக்கிறது; பக்கத்திலேயே கோவையின் நூற்பாலைகள் இருக்கின்றன. லெசோத்தோவுக்குப் பின்னால் நிற்க வேண்டியது உங்கள் ஒன்றியம்.

மூன்றாவது, நன்றிக்கடன். ஆலைகளில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு எதிராக 2019இல் லெசோத்தோவின் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் ஓர் ஒப்பந்தத்தைப் போராடிப் பெற்றன. ஆலை முதலாளியை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு விடாமல், அங்கிருந்து ஆடை வாங்கும் அமெரிக்க நிறுவனங்களையும் பொறுப்பில் கட்டிப்போட்ட ஒப்பந்தம் அது. 2022இல் தமிழ்நாட்டில் கையெழுத்தான திண்டுக்கல் உடன்படிக்கை அந்த வழியில்தான் வந்தது. எங்கள் பெண்களுக்கு வழி காட்டியவர்கள் இன்று வேலை இழந்து நிற்கும்போது நாங்கள் வாய்மூடி இருப்பது முறையல்ல.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் ஒன்றியம் நூறாண்டுக்கு மேலாக லெசோத்தோவோடு வரியைப் பகிர்ந்து வருகிறது. தொழிலைப் பகிர்ந்ததில்லை. வரிப்பங்கு ஓர் அரசை நடத்தும்; ஒரு நாட்டை வாழவைக்காது. உலகச் சந்தை ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்த நாடு குப்புற விழுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சுரங்கத்திலிருந்து தையல் மேசைக்கு

நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு லெசோத்தோ. கடலில்லை, அண்டை நாடு ஒன்றே ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த நாடு உலகச் சந்தைக்கு அனுப்பிய முதன்மையான சரக்கு மனித உழைப்பு. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட லெசோத்தோ ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். அவர்கள் ஊதியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து லெசோத்தோ வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருந்தது. அந்தப் பணத்தில்தான் மலையூர்களில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள், ஆடுமாடு வாங்கினார்கள்.

பின்னர் தங்கச் சுரங்கங்கள் சுருங்கின. ஆயிரம் ஆயிரமாக ஆண்கள் வீடு திரும்பினார்கள். பலர் நுரையீரலில் சுரங்கத் தூசியோடு திரும்பினார்கள். அவர்களையும் உள்ளடக்கிய இழப்பீட்டு வழக்கில், 500 கோடி ராண்ட் தீர்வை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது 2019இல்தான்.

ஆண்கள் வேலையற்றுத் திரும்பிய அதே காலத்தில் பெண்கள் ஆலைக்குள் நுழைந்தார்கள். நிறவெறிக் காலத் தடைகளில் சிக்கிய தென்னாப்பிரிக்காவைவிட லெசோத்தோவிலிருந்து ஏற்றுமதி செய்வது எளிது என்று 1980களில் தைவான் முதலாளிகள் அங்கே வந்தார்கள். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் வாய்ப்புச் சட்டம், வணிகர்கள் அகோவா என்று அழைப்பது, நிறைவேறியது. எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும் லெசோத்தோ ஆடைக்கு அமெரிக்காவில் வரியில்லை என்ற சலுகை கிடைத்தது. 2004 வாக்கில் ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியது. தனியார் துறையில் அதிகம் பேருக்கு வேலை கொடுத்தது தையல்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கணவனின் சுரங்க ஊதியத்தை எதிர்பார்த்த வீடு, மனைவியின் தையல் ஊதியத்தில் நிமிர்ந்தது.

அந்த நிமிர்வும் நீடிக்கவில்லை. ஆலைகளுக்கு வருமானம் டாலரில். கூலி கொடுப்பது லெசோத்தோ நாணயமான லோட்டியில். ஒரு லோட்டி ஒரு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம். 2001 இறுதியில் ஒரு டாலருக்கு 12 ராண்டுக்கு மேல் கிடைத்தது. 2004 இறுதியில் 6 ராண்டுகூடக் கிடைக்கவில்லை. தைத்த துணிக்கு அதே டாலர் விலை வந்தாலும் கூலி கொடுக்கக் கையில் இருந்தது பாதி. லெசோத்தோவால் தன் நாணய மதிப்பைத் தானே குறைத்துக்கொள்ளவும் முடியாது. அது தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவில் முடிவாகும் விஷயம். அந்த நெருக்கடியின் உச்சத்தில், 2005 ஜனவரி 1 அன்று, உலகத் துணி வணிகத்தை முப்பதாண்டுகள் கட்டுப்படுத்திய கோட்டா முறை முடிவுக்கு வந்தது. சீனாவும் இந்தியாவும் வங்கதேசமும் வரம்பின்றி விற்கலாம் என்றானது. அந்த நாளைத் திருப்பூர் கொண்டாடியது. மசேருவில் ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் நின்றார்கள். எங்கள் வளர்ச்சியும் அவர்கள் வீழ்ச்சியும் ஒரே நாளில் ஒரே விதியால் நடந்தவை. அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

அந்த 50 எங்கிருந்து வந்தது?

2025இன் 50 விழுக்காட்டுக் கணக்கை உங்கள் செயலகம் கூர்ந்து பார்க்க வேண்டும். 2024இல் அமெரிக்கா லெசோத்தோவிடம் வாங்கியது சுமார் 23.7 கோடி டாலர் பொருள்; விற்றது சுமார் 28 இலட்சம் டாலர் பொருள். இந்த இடைவெளியை இறக்குமதித் தொகையால் வகுத்தால் 99 விழுக்காடு வருகிறது. அதில் பாதிதான் 50. லெசோத்தோ அமெரிக்கப் பொருளுக்குத் தடை போட்டதால் வந்த எண் அல்ல இது. அமெரிக்காவுக்கு விற்கிற அந்த நாடு அமெரிக்காவிடம் வாங்குவதில்லை என்பதே அதன் பொருள்.

லெசோத்தோ யாரிடம் வாங்குகிறது? தென்னாப்பிரிக்காவிடம். சோளமாவு முதல் சிமெண்ட் வரை, பல்பொருள் அங்காடியின் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் எல்லை தாண்டி வந்ததுதான். சுங்க ஒன்றியத்தின் அமைப்பே அப்படி: உள்ளே வரியில்லை, வெளியே பொதுவரிச் சுவர். எனவே விற்பனை ஒரு திசையிலும் கொள்முதல் வேறு திசையிலும் போயின. அந்தக் கோணலை அமெரிக்கக் கணக்கு ‘பற்றாக்குறை’ என்று படித்துத் தண்டனை விதித்தது. ஒன்றியம் உருவாக்கிய வணிக வடிவத்துக்கான விலையை ஒன்றியத்தின் மிக ஏழை உறுப்புகளில் ஒன்று கட்டியது.

ஆகஸ்டில் அந்த வரி 15 விழுக்காடாக இறங்கியது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஆர்டர்கள் நின்றுவிட்டன. வரி அமலாகும் முன்பே பையர் விலகிவிடுவார். நிச்சயமின்மைக்கு அவர் காத்திருக்க மாட்டார். அமெரிக்கச் சந்தைக்காகத் தைத்துக்கொண்டிருந்த ஏறக்குறைய 12,000 பேரின் வேலை ஆட்டம் கண்டது. ஜூலையில், இளைஞர் வேலையின்மையை முன்னிட்டு லெசோத்தோ அரசு தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அறிவிக்கும் பேரிடரை வேலையின்மைக்கு அறிவிக்க நேர்ந்த நாடு அது. செப்டம்பர் 30 அன்று அகோவாச் சட்டமும் காலாவதியானது. அது நீட்டிக்கப்பட்டாலும் கைவிடப்பட்டாலும், இன்னொரு கண்டத்தின் நாடாளுமன்றத் தயவில் ஒரு நாடு தன் பெரிய தொழிலை நிரந்தரமாக நிறுத்திவைக்க முடியாது என்ற பாடம் மாறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும் ஐந்து நாடுகளுக்கு 2025 ஆகஸ்டில் மூன்று வகை அமெரிக்க வரி விதிக்கப்பட்டது: தென்னாப்பிரிக்காவுக்கு 30, லெசோத்தோ, போட்ஸ்வானா, நமீபியாவுக்கு 15, எஸ்வாத்தினிக்கு 10. வெளியிலிருந்து பார்ப்பவர் உங்களை ஒரே ஒன்றியமாக மதிக்கவில்லை. நீங்களும் ஒரே ஒன்றியமாக எழுந்து பேசவில்லை.

வாங்கினால் பங்கு உண்டு, உருவாக்கினால் இல்லை

உலகில் இன்று இயங்கும் சுங்க ஒன்றியங்களில் உங்களுடையதே மிகப் பழையது. 1910இல் அது பிறந்தபோது பொதுவரி வருவாயில் 98.7 விழுக்காடு தென்னாப்பிரிக்காவுக்கு, மீதி 1.3 விழுக்காட்டை மூன்று பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகள் பங்கிட்டுக்கொண்டன. 1969 ஒப்பந்தம் சிறிய நாடுகளின் பங்கை 42 விழுக்காடு உயர்த்திக் கணக்கிட்டது. பெரிய நாட்டின் வரிச்சுவரால் சிறிய நாட்டு மக்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள், ஆலைகள் பெரிய நாட்டுக்கே போய்ச் சேர்கின்றன, தன் வரியைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் போகிறது. இந்த மூன்று இழப்புக்கும் அது ஈட்டுத்தொகை. அதாவது, தொழில் லெசோத்தோவுக்கு வராது என்பது அன்றே தெரிந்திருந்தது. அதைத் திருத்தும் வழி தேடாமல், அதற்கு விலை கட்டினார்கள்.

2002 ஒப்பந்தம் பல வகையில் முன்னேற்றம். ஐந்து நாடுகளும் சேர்ந்து முடிவெடுக்கும் அமைச்சர் குழு, விண்ட்ஹூக்கில் தனிச் செயலகம், தனி வரி வாரியம் என்று எழுதினார்கள். ஆனால் அந்த வரி வாரியம் இரண்டு பதிற்றாண்டுகள் கடந்தும் செயலுக்கு வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் சர்வதேச வணிக நிர்வாக ஆணையமே ஐந்து நாட்டுக்கும் வரியைப் பரிந்துரைத்து வருகிறது. பிரிட்டோரியாவில் நாணயம், பிரிட்டோரியாவிலேயே வரி. மசேருவில் மீதியிருப்பது செலவுக் கணக்கு.

பகிர்வுச் சூத்திரத்தில்தான் பெரிய சிக்கல். பொதுக் கருவூலத்தில் சேரும் சுங்கவரி, ஒன்றியத்துக்குள் யார் எவ்வளவு இறக்குமதி செய்தார்களோ அந்த விகிதத்தில் பிரிகிறது. இதன் விளைவைச் சாதாரண மொழியில் சொல்கிறோம். லெசோத்தோ தென்னாப்பிரிக்காவிடம் அதிகம் வாங்கினால் அதிகப் பங்கு. நாளைக்கே மசேருவில் ஒரு மாவு ஆலையும் செருப்பு ஆலையும் தொடங்கி, எல்லை தாண்டி வாங்குவது குறைந்தால், அரசின் பங்கு குறையும். சொந்தத் தொழில் வளர்ந்தால் கருவூலம் இழக்கிறது. எந்த நிதியமைச்சர் இந்தக் கணக்கில் தொழிலுக்கு உற்சாகமாக முதலீடு செய்வார்?

வளர்ச்சிக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. கலால் வரியில் 15 விழுக்காடு, தலா வருமானம் குறைந்த நாட்டுக்குக் கூடுதலாகப் போகும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. மீதி 85 விழுக்காடு நாட்டின் மொத்த உற்பத்தி அளவுப்படி பிரிகிறது; அதில் பெரியவருக்கே பெரும்பங்கு. அந்த 15 விழுக்காட்டுக்கும் ‘வளர்ச்சி’ என்று பெயர் இருக்கிறதே தவிர, எந்தத் தொழிலோடும் அதற்கு முடிச்சு இல்லை. பொதுச் செலவில் கரைந்துவிடுகிறது.

இந்தப் பணமும் நிலையானதல்ல. 2008 உலக நிதிநெருக்கடியில் தென்னாப்பிரிக்காவின் இறக்குமதி சரிந்தது. பொதுக் கருவூலமும் சரிந்தது. 2010-11இல் லெசோத்தோவின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எஸ்வாத்தினி, அன்றைய சுவாசிலாந்து, ஊதியம் கொடுக்க வழியின்றித் தென்னாப்பிரிக்காவிடம் கடன் கேட்க நேர்ந்தது. உலகச் சந்தை சுருங்கும்போது ஆலையில் ஆர்டர் குறைகிறது. அதே வேளையில் அரசின் வரிப்பங்கும் குறைகிறது. மழை பெய்யும் நேரத்தில் குடையைத் திருப்பிக் கேட்பது போன்ற ஏற்பாடு இது.

ஒன்றியத்தால் தொழிலும் வளரும்

பகிர்ந்தால் தொழில் வளரும் என்பதற்குச் சான்று உங்கள் ஒன்றியத்திலேயே இருக்கிறது. 2009இல் ஆயத்த ஆடைகளுக்கான வெளிவரியைத் தென்னாப்பிரிக்கா 45 விழுக்காடாக உயர்த்தியது. அதே சமயம் அந்நாட்டின் நியூகாசல் முதலிய நகரங்களின் ஆலைகளில் ஊதியத் தகராறு எழுந்தது. தென்னாப்பிரிக்க முதலாளிகள் பலர் லெசோத்தோவின் எல்லையோர மபுத்ஸோவுக்கு வந்து ஆலை போட்டார்கள். இன்று லெசோத்தோவின் தையல் தொழிலாளரில் கணிசமானோர் தைப்பது தென்னாப்பிரிக்கக் கடைகளுக்கான ஆடையைத்தான். 2025இல் அமெரிக்க ஆர்டர் நின்றபோது அந்தத் தொழில் அடியோடு சாயாமல் தாங்கிப் பிடித்தது இந்தச் சந்தைதான். பொதுவரிச் சுவர் சிறிய நாட்டுக்கும் நிழல் தரும். அதற்கு முனைந்து வழி செய்ய வேண்டும்.

தென்னாப்பிரிக்கா தனக்கு அதைச் செய்துகொண்டிருக்கிறது. 1995 முதல் தன் மோட்டார் வாகனத் தொழிலை வளர்க்க இறக்குமதி வரிச்சலுகைத் திட்டங்களை நடத்துகிறது. அந்தச் சலுகையால் குறைவது ஐந்து நாட்டுக்கும் பொதுவான கருவூலம். வாகன ஆலைகளுக்காக லெசோத்தோவும் மறைமுகமாகப் பணம் கட்டுகிறது. கட்டட்டும், தவறில்லை, ஒன்றியம் என்றால் அப்படித்தான். ஆனால் அதே முறை தோலுக்கும் கம்பளிக்கும் ஏன் வரவில்லை?

கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கோரா ஆட்டு உரோமமான மொஹேரில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் விளைவிப்பது லெசோத்தோ. மலையூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே ரொக்க வருமானம். அந்த உரோமம் கழுவாமல் நூற்காமல் மூட்டையாக வெளியேறுகிறது. அதே நாட்டின் ஆலைகளுக்குத் துணி பெரும்பாலும் ஆசியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. நூல், துணி, சாயம், தையல் என்று அடுத்தடுத்த படிகள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருப்பதுதான் திருப்பூரின் பலம். தையல் மட்டும் தனியாக இருக்கும் ஊரை முதலாளி ஒரே வாரத்தில் காலிசெய்துவிட்டுப் போக முடியும். மெஷின்களைக் கண்டெய்னரில் ஏற்றினால் போதும். நூற்பாலையையும் நெசவாலையையும் அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நாங்கள் கேட்பது

முடிவெடுக்கும் அதிகாரம் அமைச்சர் குழுவிடம் இருக்கிறது என்பதை அறிவோம். ஆனால் அவர்கள் மேசைக்கு எந்த முன்மொழிவு வர வேண்டும் என்று ஆய்ந்து எழுதுவது உங்கள் செயலகம். அந்த வேலையைக் கருதியே இவற்றைக் கேட்கிறோம்.

முதலாவது, வரி வாரியத்தைச் செயல்படுத்துங்கள். ஒவ்வொரு வரி மாற்றத்துக்கும் முன்னால், லெசோத்தோவின் வேலைவாய்ப்புக்கு அதனால் என்ன ஆகும் என்ற மதிப்பீடு பகிரங்கமாக வெளியாக வேண்டும். இளம் தொழில்களைக் காக்கச் சிறிய உறுப்பு நாடுகள் தற்காலிகக் கூடுதல் வரி போடலாம் என்று 2002 ஒப்பந்தம் அனுமதிக்கிறது. அந்த உரிமையை லெசோத்தோ பயன்படுத்தத் தேவையான தொழில்நுட்ப உதவியைச் செயலகமே தர வேண்டும்.

இரண்டாவது, சூத்திரத்தைத் திருத்துங்கள். வளர்ச்சிப் பகுதியை உயர்த்தி, அதில் ஒரு பங்கைத் தொழில் நிதியாகத் தனியே வையுங்கள். ஒரு நாட்டின் உள்நாட்டு உற்பத்தி வளர்ந்து இறக்குமதி குறைந்தால், அதனால் இழக்கும் பங்கைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த நிதி ஈடுசெய்யட்டும். இந்தியாவில் 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மாநிலங்களின் வருவாய் இழப்புக்கு ஐந்தாண்டு ஈடு தரப்பட்டது. மாநிலங்கள் அதிலும் குறை கண்டன; காலத்தை நீட்டிக்கக் கேட்டன. ஆனாலும் மாற்றத்தின் சுமையைச் சிறியவர் மட்டும் சுமக்கக்கூடாது என்ற நெறி சரியானது. நல்ல ஆண்டுகளின் உபரியில் ஒரு பகுதியைச் சேமித்து, சரிவு ஆண்டில் திறக்கும் நிலைநிறுத்த நிதியும் வேண்டும்.

மூன்றாவது, ஒன்றியத்துக்குள் நூல் முதல் ஆடை வரை ஒரு சங்கிலியைக் கட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் பெரிய கடைக்காரர்கள் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கை லெசோத்தோவிலும் எஸ்வாத்தினியிலும் வாங்கப் பல ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். கம்பளியும் மொஹேரும் கழுவி, சீவி, நூற்கும் ஆலை மலைநாட்டிலேயே வரட்டும். இணையத்தில் ஆர்டர் செய்து பொட்டலமாக வரும் மலிவு ஆடைகள் குறைந்த வரியில் நுழைந்து உள்ளூர்த் தையலைத் தின்றன. தென்னாப்பிரிக்கா 2024இல் அதை இறுக்கத் தொடங்கியது. ஐந்து நாட்டு எல்லையிலும் அதே விதி வர வேண்டும். இல்லையேல் ஓட்டை இடம் மாறும், அவ்வளவுதான்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறோம், பட்ட அனுபவத்தால். சாயமும் டெனிம் சலவையும் வந்தால் கழிவுநீரும் வரும். எங்கள் நொய்யல் ஆற்றைக் கொன்ற பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வழிக்கு முழுமையாக வந்தோம். மசேருவை ஒட்டி ஓடும் காலிடன் ஆறு எல்லையாறு. அது கெட்டால் இரண்டு நாடும் கெடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை முதல் நாளே ஒன்றியச் செலவில் கட்டுங்கள். உழவர் நிலம் பாழான பிறகு கட்டும் இழப்பீடு எதையும் மீட்பதில்லை.

நான்காவது, தொழிலாளரைக் காக்கும் பொதுத் தளம். கூலி குறைந்த இடம் தேடி ஆலை எல்லை தாண்டுவது தொழில் பகிர்வு ஆகாது. நியூகாசலில் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்து மபுத்ஸோவில் இன்னொரு பெண்ணுக்குக் குறைந்த கூலியில் கொடுத்தால் இருவருமே தோற்கிறார்கள். ஊதியத்துக்கு ஒன்றிய அளவில் ஒரு கீழ்வரம்பை நோக்கிப் படிப்படியாக நகருங்கள். ஆலை மூடினால் பணிக்கொடை கிடைப்பதற்கான வைப்புத்தொகையை ஆலை திறக்கும்போதே பெறுங்கள். 2019 ஒப்பந்தத்தின் பாதுகாப்பு ஐந்து நாட்டு ஆலைகளுக்கும் பரவட்டும்.

ஐந்தாவது, வெளியே பேசும்போது ஒரே குரலில் பேசுங்கள். அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் சீனாவோடும் பேச உட்காரும் மேசையில், மிகச் சிறிய உறுப்பின் மிக முக்கியமான ஏற்றுமதியை முதலில் காக்கும் நெறியை எழுதிவையுங்கள்.

எதிர்வாதங்களுக்கு எங்கள் விடை

தென்னாப்பிரிக்காவிலேயே வேலையின்மை 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது பக்கத்து நாட்டுக்கு எப்படித் தொழிலைக் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மசேருவில் ஒரு தையல்காரப் பெண் வாங்கும் சம்பளம் எங்கே செலவாகிறது? தென்னாப்பிரிக்காவில் செய்த மாவிலும் எண்ணெயிலும் சோப்பிலும்தான். அவள் வேலை போனால் எல்லைக்கு அந்தப் பக்கமும் விற்பனை படுக்கும். 1986 ஒப்பந்தப்படி கட்டிய காட்சே அணையின் நீரை ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் குடிக்கிறது. உழைப்பும் நீரும் கொடுத்த நாடு தொழிலில் பங்கு கேட்பதைப் பிச்சையாகப் பார்க்கக்கூடாது.

பொதுக் கருவூலத்தில் தென்னாப்பிரிக்கா ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டது என்ற வாதமும் உண்டு. சுங்கப் பகுதியில் சிறிய நாடுகளுக்கு அதிகம் போகிறது என்பது உண்மை. அதே சூத்திரம் தென்னாப்பிரிக்க ஆலைகளுக்கு நான்கு நாட்டுச் சந்தையை வரியின்றித் திறந்து வைத்திருக்கிறது என்பதும் உண்மை. தொழில் வளர்ந்து லெசோத்தோ தன் காலில் நின்றால், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகையின் அவசியமே குறையும். நாங்கள் கேட்பது பெரியவருக்கும் நீண்டகால ஆதாயம்.

லெசோத்தோ அரசு இதுவரை வந்த பணத்தை ஒழுங்காகச் செலவிட்டதா என்றும் கேட்பார்கள். இல்லை என்றே சொல்ல வேண்டும். கூட்டணிகள் அடிக்கடி கவிழ்ந்தன. வரிப்பங்கில் பெரும்பகுதி அரசு ஊதியத்துக்கே போனது. ஆலைக் கட்டடங்கள் கட்டிய அளவுக்கு ஆலை நடத்தும் உள்ளூர் முதலாளிகள் உருவாகவில்லை. மேற்பார்வை அயல்நாட்டாரிடமும் தையல் உள்ளூர்ப் பெண்களிடமும் என்ற பிரிவு நாற்பதாண்டாக மாறவில்லை. அதனால்தான் கூடுதல் ரொக்கம் கேட்காமல், ஆலையோடும் பயிற்சியோடும் முடிச்சுப் போட்ட நிதியைக் கேட்கிறோம். மசேருவும் கணக்குக் காட்டட்டும். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.

ஐயா, உலகமயம் சிறிய நாட்டிடம் கேட்டுவிட்டு வருவதில்லை. சுரங்கமாக வந்து ஆண்களை எடுத்தது. கோட்டாவாக வந்து ஆலையைக் கொடுத்தது. கோட்டா போனபோது ஆலையைப் பறித்தது. வரிப்பட்டியலாக வந்து மிச்சத்தையும் உலுக்கியது. இந்த அலைகளை லெசோத்தோவால் தனியாகத் தடுக்க முடியாது. தடுக்க முடிந்திருந்தால் ஒன்றியம் எதற்கு? சிறியவர் தன் வரி உரிமையை உங்களிடம் ஒப்படைத்தது, அலை வரும்போது சேர்ந்து நிற்பதற்காகத்தான். அந்த நம்பிக்கைக்குக் காசோலை மட்டுமே பதிலாக இருக்கக்கூடாது.

பகிர்வுச் சூத்திரத்தையும் தொழில் வளர்ச்சியையும் பற்றிய பேச்சு உங்கள் ஒன்றியத்தில் நெடுங்காலமாக நடக்கிறது. இனி அதற்கு ஒரு கெடு வையுங்கள். அமைச்சர் குழுவின் அடுத்த கூட்டத்துக்கே இந்த ஐந்தையும் தனி முன்மொழிவாக எழுதி அனுப்புங்கள். எந்த நாடு எதை ஏற்றது, எதை மறுத்தது என்பதை மக்கள் அறிய வெளியிடுங்கள். மசேருவிலும் மபுத்ஸோவிலும் வேலை தேடி ஆலை வாசலில் நிற்கும் பெண்களுக்கு உங்கள் செயலகம் தரக்கூடிய குறைந்தபட்சப் பதில் அது. அதைத் தருமாறு, அதே தொழிலில் பிழைக்கும் ஊரிலிருந்து உரிமையோடும் தோழமையோடும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு,
திருப்பூர்